பழம்பொறியும் புதுத்திருத்தமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் கரிசற்காட்டில் பரளச்சி என்னும் ஊர் உள்ளது. விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூரும் இதனை அடுத்த ஊர்களும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையே இங்குள்ள உழவர்க்கு முதல்; அம்மழையைத் தேக்கி வைக்கும் கண்மாயே அவர்தம் சேமிப்பு. பருத்தியும் மிளகாயும் மல்லியும் கம்பும் இந்நிலத்தில் விளையும். மழை பொய்த்த ஆண்டில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர் பலர். இத்தகைய நிலத்தில் வாழ்பவர் எப்பொருளையும் எளிதில் எறிந்துவிடார். தந்தை ஏறிய மிதிவண்டியை மகன் ஏறுவான். பாட்டி வைத்திருந்த ஆட்டுக்கல் பேத்தியின் முற்றத்தில் கிடக்கும்.

கண்மாய் ஒருமுறை வெட்டிவிட்டால் என்றென்றும் நிற்பதன்று. மழைக்கு முன்னர் ஊரார் ஒன்றுகூடிக் கரையை உயர்த்துவர், மடையைச் சீர்செய்வர், கலுங்கில் அடைந்த வண்டலை அள்ளுவர். இதனைக் குடிமராமத்து என்று வழங்கினர். மராமத்து என்பது அரபு மொழியினின்று வந்த சொல். குடி என்பது பழந்தமிழ்ச் சொல். இருவேறு நாட்டுச் சொற்கள் ஒரு கரையின்மேல் சேர்ந்து மண் சுமப்பது காண்டற்கு இனிதன்றோ! இடையில் அருகிப்போன இவ்வழக்கத்திற்குத் தமிழ்நாட்டு அரசு 2017ஆம் ஆண்டில் மீண்டும் உயிர் கொடுத்தது.

கணிப்பொறிக்கும் இத்தகைய மராமத்து உண்டு. பொறியின் உடல் உலோகத்தாலும் சிலிக்கனாலும் ஆயது. அதனை இயக்குவதோ மனிதர் எழுதிய கோடிக்கணக்கான கட்டளை வரிகள். மனிதர் எழுதியவை ஆதலின் அவற்றிற் பிழையும் இருக்கும். நண்டு வளையால் கரை உடைவதுபோல, அப்பிழைகளின் வழியே தீயோர் உள்ளே புகுவர். எனவே, இயங்குதளத்தை ஆக்கிய நிறுவனம் பிழைகளைக் கண்டறிந்து திருத்தங்களை அவ்வப்போது அனுப்பி வைக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை இதற்கென ஒதுக்கியுள்ளது. நூலோர் இதனைப் புதுப்பிப்பு என்பர். ஊரார் அப்டேட் என்பர். பெயர் எதுவாயினும், புதிய பொறியில் ஒருவரும் அறியாமல் நிகழ்ந்து முடியும் இப்பணி, பழைய பொறியில் பெரும்பாடாகிவிடும்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. எல்காட் என்னும் அரசு நிறுவனம் அவற்றை வாங்கி அளித்தது. விண்டோஸ் ஒன்று, இந்தியாவில் உருவான பாஸ் என்னும் லினக்ஸ் ஒன்று என இரண்டு இயங்குதளங்கள் அவற்றில் இருந்தன. அவ்வாறு 2012இல் ஒரு மடிக்கணினியைப் பெற்று வந்த மாணவன் ஒருவன், பரளச்சியில் தன் வீட்டுத் திண்ணையில் அதனை வைத்து, தன் தாயைப் பெற்ற அம்மாச்சியைப் பாடச் சொன்னான். களையெடுக்கும்போது பாடும் பாட்டு, தொட்டிலை ஆட்டும்போது பாடும் பாட்டு, இழவு வீட்டில் மாரடித்துப் பாடும் ஒப்பாரி என நாற்பத்தொரு பாடல்களை அம்மூதாட்டி பாடினாள். பொறி கேட்டு வைத்துக்கொண்டது. இடையிடையே சேவல் கூவுவதும் எவரோ கதவைச் சாத்துவதும் அப்பதிவில் உண்டு. சில ஆண்டுகளில் அம்மூதாட்டி காலமானாள். பேரன் வேலை தேடித் திருப்பூருக்குப் போனான். போகுமுன் விண்டோஸ் பத்தாம் பதிப்பை அப்பொறியில் ஏற்றி வைத்தான். 2016ஆம் ஆண்டு சூலை வரையில் அதனை விலையின்றி ஏற்றிக்கொள்ள இயன்றது. பின்னர்ப் பொறி தங்கையின் கைக்கு வந்தது.

2024ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில், கல்லூரியில் பயின்றுவந்த அத்தங்கை அதனைத் திறந்தாள். நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து ஒப்படைக்குமாறு அவள் ஆசிரியை பணித்திருந்தார். பன்மாதம் மூடிக்கிடந்த பொறி, திறந்த உடனே திருத்தங்களை ஏற்க வேண்டும் என்றது. அவளும் இசைந்தாள். நூற்றுக்கு முப்பது என்று காட்டிற்று, அணைந்து எழுந்தது, பின்னர், நடந்த மாற்றங்களை எல்லாம் நீக்குவதாக அறிவித்துப் பழைய நிலைக்கே மீண்டது. மறுநாளோ இணையத்தையே தொட இயலவில்லை என்றது. மூன்றாம் நாள் மீண்டும் முப்பது வரை ஏறி மீண்டும் இறங்கிற்று. பரமபதத்தில் பாம்பின் வாய்ப்பட்ட காய்போல் அவள் மனம் சோர்ந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு கடையிற் காட்டினாள். கடைக்காரர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடலாம், தங்கச்சி, ஒரு மணி நேர வேலை" என்றார். அவள் பொறியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

அவளுடைய தாய்மாமன் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்ப்பவன். கணிப்பொறியைப் பற்றி அவன் ஒன்றும் அறியான்.

"மாமா, இது கெட்டுப்போய்விட்டதாம். எல்லாவற்றையும் அழிக்க வேண்டுமாம்."

"அழித்தால் அம்மாச்சி பாட்டு என்னாகும், தாயி?"

"அதுவும் போய்விடும், மாமா."

அம்மாச்சி அவனுக்குத் தாய் அல்லளோ? அவன் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான். "அப்படியானால் முதலில் அதை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்து. மோட்டாரைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்ப்பவன் உண்டா?" என்றான்.

பொறி இன்னும் திறந்துகொண்டுதான் இருந்தது. அவள் நாற்பத்தொரு பாடல்களையும் இரண்டு பென்டிரைவ்களில் படியெடுத்தாள். படியெடுத்தது போதாதென்று, ஒன்றை மாமனின் வீட்டுத் தொலைக்காட்சியில் செருகிப் பாடுகிறதா எனவும் பார்த்தாள். படியெடுத்தோர் பலர் சரிபார்ப்பதில்லை, இழந்தபின் வருந்துவர். தமிழ்நூல்கள் பிழைத்ததும் இவ்வழியாலேயே ஆகும். பனையோலை காலத்தால் செல்லரித்துப்போம். அஃது அழியுமுன் வேறோலையில் எழுதியவர் இருந்தமையால் நூல் நின்றது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றினார். எவரும் படியெடுக்காத நூல்கள் பெயரளவில் நிற்கின்றன. அப்பெயரும் எஞ்சாதவை எத்தனையோ!

பாடல்கள் கரையேறிய பின்னர், மாமன் தன் தொழிலிற் கண்ட முறையைச் சொன்னான். மோட்டார் ஓடவில்லை என்று ஒருவர் அழைத்தால், உடனே அதனைக் கிணற்றினின்று இழுத்தல் கூடாது. அது நால்வர் கூடிச் செய்யும் வேலை, செலவும் மிகுதி. முதலில் கம்பத்திலிருந்து மூன்று முனைகளிலும் மின்சாரம் வருகிறதா என்று காண வேண்டும், பின்னர் பியூஸ், பின்னர் ஸ்டார்ட்டர், அதன்பின் கேபிள். செலவில்லாததை முதலிலும் செலவுடையதைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். மற்றொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பியூஸையும் ஸ்டார்ட்டரையும் ஒருசேர மாற்றிய பின் மோட்டார் ஓடினால், எது கெட்டிருந்தது என்று எவன் அறிவான்? அவள் ஒரு பழைய நோட்டை எடுத்து, நாளும் நேரமும் இட்டு, செய்ததையும் பொறி சொன்னதையும் எழுதத் தொடங்கினாள்.

எழுதியபின் ஒரு செய்தி தெளிவாயிற்று. பொறி இருவேறு வகையில் தோற்றது. சில நாள் இணையத்தைத் தொடவே இல்லை. சில நாள் தொட்டு, இறக்கி, பாதியிற் கைவிட்டது. ஆகவே நோய் ஒன்றன்று, இரண்டு. இணையம் தொடாத நாள்களை அவள் உற்றுப் பார்த்தபோது, திரையின் மூலையில் ஆண்டு 2012 என்று இருந்தது.

கணிப்பொறிக்குள் ஒரு சிறு மின்கலம் உண்டு. நாணயம் போன்ற அதன்மேல் 2032 என்னும் எண் பொறித்திருக்கும். குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதே அதன் பொருள். பொறி அணைந்திருக்கும் காலத்திலும் கடிகாரம் ஓடுவதற்கு அது துணை. பல்லாண்டு கழிந்தபின் அது வறண்டுவிடும். அம்மடிக்கணினியின் பெரிய மின்கலமும் முன்னரே செத்திருந்தது. எனவே மின்சாரம் நின்ற ஒவ்வொரு முறையும் பொறி தான் பிறந்த ஆண்டுக்கே திரும்பிப் போயிற்று. பொறி தானே நேரத்தைச் சரிசெய்து கொள்ளாதோ எனில், சில மணி நேர வேறுபாட்டைச் சரிசெய்யும். பல ஆண்டு வேறுபாட்டைக் கண்டால் விண்டோஸ் ஐயுற்று விட்டுவிடும்.

காலம் தவறினால் திருத்தம் ஏன் வாராது? திருத்தம் தரும் கணிப்பொறி தன்னை இன்னார் என்று மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டும். அதில், இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2023இல் எழுதிய பத்திரத்தை 2012இல் இருக்கும் அலுவலரிடம் நீட்டினால் அவர் ஏற்பாரா? பொய்ப் பத்திரம் என்றே தள்ளுவார். பழம்பொறி அவ்வலுவலரின் நிலையில் இருந்தது. கடிகாரம் சரியாக இருந்தும் இவ்வாறு நேர்வதுண்டு. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், உலகெங்கும் வழங்கிய ஒரு மூலச் சான்றிதழின் காலம் முடிந்தது; நெடுநாள் திருத்தம் பெறாத பழைய கருவிகள் பல அன்று முதற்கொண்டு நல்ல தளங்களையும் ஐயுறத் தலைப்பட்டன. நாணய மின்கலத்தின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலைக்கு மேல் இராது. அதனை மாற்றியதும் முதல் நோய் தீர்ந்தது.

இரண்டாம் நோய்க்குக் காரணம் இடநெருக்கடி. திருத்தம் வந்து இறங்கவும், விரிந்து பரவவும், பழையதை ஒரு மூலையிற் காத்து வைக்கவும் இடம் வேண்டும். பெரிய திருத்தமாயின் இருபது ஜிபி அளவு வேண்டியிருக்கும். அண்ணன் விட்டுச்சென்ற திரைப்படங்கள் வட்டை அடைத்துக் கிடந்தன. அவனைக் கேட்டே அவள் அவற்றை நீக்கினாள். அதனோடு, பாதி இறங்கிப் பழுதான கோப்புகள் தேங்கும் அறை ஒன்றும் விண்டோஸில் உண்டு. கலுங்கில் அடைந்த வண்டல் புதுநீரையும் தடுப்பதுபோல், அக்கோப்புகள் புதிய திருத்தத்தையும் கெடுக்கும். திருத்தப் பணியைச் சற்று நிறுத்தி, அவ்வறையின் பெயரை மாற்றிவிட்டால், பொறி புதிதாக ஓர் அறையை அமைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். அழிப்பதைவிடப் பெயரை மாற்றுவது நன்று, தவறினால் மீளலாம்.

மின்வெட்டு எஞ்சியது. திருத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், உயிர்நிலையான கோப்பு ஒன்று பாதி எழுதப்பட்டு நின்றுவிடக் கூடும். ஆதலின் அவள் அருப்புக்கோட்டையில் இன்வெர்ட்டர் வைத்திருந்த சித்தி வீட்டுக்குப் பொறியைத் தூக்கிச் சென்றாள். அன்று மாலை தொடங்கிய வேலை மறுநாள் காலையில் முடிந்தது. திருத்தங்கள் ஒவ்வொன்றாக ஏறின, ஒன்றைத் தவிர.

அவ்வொன்று எத்தனை முறை முயன்றும் ஏறவில்லை. 80070643 என முடியும் ஒரு பிழை எண்ணைக் காட்டி நின்றது. அவள் தான் ஏதோ தவறு செய்ததாகவே அஞ்சினாள். பிழை எண்ணைக் கண்டால் மூடிவிட்டு மீண்டும் அழுத்துவதே பலர் வழக்கம். அவ்வாறு செய்யாமல் அவள் அதனை நோட்டில் எழுதி, அதன் வரலாற்றைத் தேடிப் படித்தாள். 2024 சனவரி 9ஆம் நாள் வெளிவந்த 5034441 என்னும் எண்ணுள்ள திருத்தம் அது. உலகெங்கும் எண்ணற்ற பொறிகளில் அதே நாளில் அதே எண்ணோடு அது தோற்றிருந்தது.

காரணம் இது. உழவர் வீட்டில் உண்ணும் தானியம் ஒரு குதிரிலும் விதைத் தானியம் வேறொரு கலயத்திலும் இருக்கும். அதுபோல, விண்டோஸ் கெட்டுப்போனால் மீட்டெடுப்பதற்கென வட்டின் ஒரு சிறு பகுதி தனியே ஒதுக்கப்பட்டிருக்கும். அம்மீட்புப் பகுதியைத் திருத்துவதற்கு 250 எம்பி இடம் அங்கே காலியாக இருக்க வேண்டும். பழைய பொறிகளில் கலயம் சிறிது. அவ்வளவு இடம் இல்லை. இடம் போதவில்லை என்று தெளிவாகச் சொல்லாமல், விளங்காத ஓர் எண்ணைக் காட்டியதே பலரை அலைக்கழித்தது. பொறியை ஆக்குவோர் மக்கள் படிக்கும் மொழியில் பிழையைச் சொல்லப் பழகுதல் வேண்டும். மருத்துவர் நோயாளியிடம் நோயின் பெயரை எண்ணால் கூறுவதில்லை.

வட்டைப் பிரித்து அப்பகுதியைப் பெரிதாக்கும் வழியையும் நிறுவனம் வெளியிட்டிருந்தது. எனினும் ஒரு கட்டளை பிறழ்ந்தால் வட்டு முழுதும் பாழாகும். அவள் மாமனைக் கேட்டாள்.

"அந்தத் திருத்தம் எதற்காக, தாயி?"

"பிட்லாக்கர் என்று ஒரு பூட்டு உண்டு, மாமா. பொறியைத் திருடியவன் அந்தப் பூட்டைத் தாண்டிப் போகாமல் இருக்க."

"நம் பொறியில் அந்தப் பூட்டுப் போட்டிருக்கிறதா?"

"இல்லை, மாமா."

"போடாத பூட்டுக்கு எதற்குச் சாவி? விட்டுவிடு."

அவ்வாறே விட்டாள். சில மாதங்கள் கழித்து, இக்குறை தானாகத் தீரும் வழி இராது என்று அந்நிறுவனமே அறிவித்தது. எல்லாக் கசிவையும் அடைக்கப் புகுந்து கரையையே வெட்டிவிடும் ஆர்வலரும் உலகில் உளர்.

சில வேளைகளில் திருத்தமே நோயாகிவிடுதலும் உண்டு. அதே ஆண்டு சூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பிற்று. அக்கோப்பிற் பிழை இருந்தது. எழுபத்தெட்டு நிமிடங்களில் அந்நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றது; அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் பொறிகள் நீலத்திரை காட்டி மயங்கி வீழ்ந்தன. வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. இந்திய விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளை வழங்கினர். தீர்வோ மிக எளியது. பொறியைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, 291 என்னும் எண் தாங்கிய அக்கோப்பை நீக்கினால் போதும். ஆயின் மயங்கிக் கிடக்கும் பொறிகளுட் பலவற்றிற்குத் தொலைவிலிருந்து கட்டளை இட இயலாது; ஒருவர் அதன் முன் சென்று நின்று தம் கையாற் செய்தாக வேண்டும். பெருநிறுவனங்களின் வல்லுநர்கள் பொறி பொறியாக நடந்து சென்று அதனைச் செய்தனர். பரளச்சியில் மோட்டார் பழுதுபார்ப்பவன் கிணறு கிணறாக நடப்பதும் அவ்வாறே.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கு வழக்கமான திருத்தங்கள் நின்றுபோயின. தனியே பதிந்துகொண்டோர்க்கு மட்டும் மேலும் ஓராண்டு தவணை கிடைத்தது. பதினோராம் பதிப்புக்கு 4 ஜிபி நினைவகமும் புதியதொரு பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2 ஜிபி நினைவகமே உடைய அப்பழம்பொறி அதனை எட்டாது. பலர் இந்நிலையிற் பொறியை எடைக்குப் போட்டனர். அவளோ, மற்றொரு முறை படியெடுத்து வைத்துவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினாள். சி-டாக் ஆக்கிய பாஸும் டெபியன் என்னும் லினக்ஸ் மரபில் வந்ததே; பள்ளிக்காலத்தில் எவரும் திறவாத அக்கதவு இப்போது பயன்பட்டது. அங்கும் திருத்தம் தவறுவதுண்டு. கடிகாரம் பின்தங்கினால், இவ்வெளியீடு இன்னும் செல்லுபடியாகும் நாளை அடையவில்லை என்று அதுவும் மறுக்கும். மிகப் பழைய பதிப்பாயின், கோப்புகள் ஆவணக் கிடங்குக்குப் போயிருக்கும். முகவரியை மாற்றி எழுத வேண்டும். ஆயினும் அது காட்டும் பிழைச்செய்தி வாக்கியமாக இருப்பதால், படித்தறிய இயன்றது.

அப்பொறியிலேயே அவள் அம்மாச்சியின் பாடல்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்திற் பெயர்க்கலானாள். கல்லூரிக்குக் கொடுக்க வேண்டியவை பத்துப் பாடல்கள். அவற்றை என்றோ கொடுத்துவிட்டாள். எஞ்சியவற்றை விடுமுறைதோறும் எழுதினாள். களையெடுப்புப் பாட்டு ஒன்றில் ஒரு சொல் விளங்கவில்லை. பலமுறை கேட்டு, வரை என்று எழுதினாள், பொருள் பொருந்தவில்லை. வாசலில் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த மாமனை அழைத்தாள். அவன் உள்ளே வந்து நின்றான், ஒருமுறை கேட்டான், இன்னொரு முறை போடச் சொன்னான். சொல்லைக் கேட்கத்தானா, குரலைக் கேட்கத்தானா என்று அவள் வினவவில்லை.

"வரை இல்லை, தாயி. விரை. விதையைத்தான் அம்மா அப்படிச் சொல்லும்" என்றான்.

அவள் ஓரெழுத்தை அழித்து, திருத்தி எழுதினாள்.